மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய பின் முடி கொட்டினால் செய்ய வேண்டியவை

மனச்சோர்வுக்கோ பதற்ற நோய்க்கோ மாத்திரை எடுக்கத் தொடங்கிய ஓரிரு மாதங்களில், தலை சீவும்போது கொத்தாக முடி வருவதைப் பார்ப்பவர்களில் பலர் உடனே செய்வது அன்றிரவு மாத்திரையை நிறுத்திவிடுவதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மனச்சோர்வு மருந்துகளால் முடி உதிர்வது அரிது. அப்படியே உதிர்ந்தாலும் முடியின் வேர் அழிவதில்லை என்பதால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் மருந்தைத் திடீரென நிறுத்தினால் வரும் தலைசுற்றலும், தூக்கமின்மையும், மீண்டும் தலைதூக்கும் மனச்சோர்வும் சில நாட்களிலேயே ஆளைச் சாய்த்துவிடக்கூடும். எனவே மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே காரணத்தைக் கண்டறிவதுதான் சரியான வழி. அந்த வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

அதற்காக, முடி கொட்டுவதை அற்ப விஷயம் என்று யாரும் ஒதுக்கிவிடவும் கூடாது. ஏற்கெனவே தன்னைப் பற்றித் தாழ்வாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கண்ணாடியில் அகன்று தெரியும் வகிடு எவ்வளவு வேதனை தரும் என்பதை வீட்டாரும், சில வேளைகளில் மருத்துவர்களும் உணர்வதில்லை. “உயிரா போயிடும், முடிதானே” என்ற ஒரு சொல்லாலேயே சிகிச்சையைக் கைவிடுபவர்கள் உண்டு. இது கவனிக்க வேண்டிய பக்கவிளைவு. ஆகவே முறைப்படி கவனிப்போம்.

முடியின் கணக்கு பின்னோக்கியது

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 85 முதல் 90 சதவீதம் வளரும் பருவத்தில் இருக்கும். இப்பருவம் 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீடிக்கும். பிறகு ஓரிரண்டு வாரங்கள் நீளும் ஒரு மாறும் பருவம். அதை அடுத்து 2 முதல் 3 மாதங்கள் வரை முடி வளராமல் வேரில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஓய்வுப் பருவம். ஓய்வு முடிந்த முடி விழும், அதே குழியிலிருந்து புது முடி முளைக்கும். இப்படி நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை விழுவது எல்லோருக்கும் இயல்பு.

காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி, கடும் மன அழுத்தம், சில மருந்துகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உடலைத் தாக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பெரும் பகுதி அகாலமாக ஓய்வுப் பருவத்துக்குப் போய்விடும். அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து அவையெல்லாம் சேர்ந்தாற்போல் விழும்போதுதான் நாம் திடுக்கிடுகிறோம். இவ்வகை உதிர்வை 1961-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் விளக்கி, ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ என்று பெயரிட்டார். மனச்சோர்வு மருந்துகளால் ஏற்படும் உதிர்வும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது, ஆனால் பலரும் தவறவிடுவது. இன்று கொட்டும் முடிக்குக் காரணத்தை இந்த வாரத்தில் தேடக் கூடாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னால் தேட வேண்டும். போன வாரம் தொடங்கிய மாத்திரை இன்றைய உதிர்வுக்குக் காரணமாக இருப்பது அரிது.

முதலில் ஒரு நாட்காட்டி

ஒரு தாளை எடுத்து, முடி அதிகமாகக் கொட்டத் தொடங்கிய தேதியை உத்தேசமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ஆறு மாதங்களை மாதவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மாதத்திலும் உடலிலும் வாழ்க்கையிலும் நடந்தவற்றை எழுதுங்கள். மாத்திரை தொடங்கிய நாள் மட்டும் போதாது. டோஸ் கூட்டிய நாள், மருந்து மாற்றிய நாள், வேறு எந்த மாத்திரையேனும் சேர்த்த நாள் ஆகியவையும் வேண்டும். காய்ச்சல், கோவிட், டெங்கு, டைஃபாய்டு, பிரசவம், கருச்சிதைவு, கருத்தடை மாத்திரையை நிறுத்தியது, டயட் என்று சாப்பாட்டைக் குறைத்தது, எடை இறங்கியது, வீட்டில் நேர்ந்த இழப்பு ஆகிய ஒவ்வொன்றும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். அக்டோபர் கடைசியில் அவருக்கு டெங்கு வந்து ஒரு வாரம் படுக்கையில் கிடக்கிறார். நவம்பர் முழுவதும் சோர்வு, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வருகிறது. டிசம்பர் முதல் வாரத்தில் மனநல மருத்துவர் எஸ்சிடலோபிராம் தொடங்குகிறார். ஜனவரி பாதியில் குளியலறை வடிகாலில் முடி அடைக்கிறது. அவர் மாத்திரையைத்தான் சந்தேகிப்பார், ஏனென்றால் அதுதான் புதிது. ஆனால் தாளைப் பார்த்தால், உதிர்வு தொடங்கும்போது மாத்திரைக்கு வயது ஆறு வாரம், காய்ச்சலுக்கோ ஏறத்தாழ பதினொரு வாரம். முடியின் கணக்குப்படி முதல் குற்றவாளி டெங்குதான். அதன் பின் வந்த பட்டினி அதற்குத் துணை நின்றிருக்கிறது. அந்தப் பெண் மாத்திரையை நிறுத்தினால் முடியும் நிற்காது, மனமும் மீளாது.

குழந்தை பெற்ற தாய்மார்கள் இந்தக் குழப்பத்தில் சிக்குவது இன்னும் அதிகம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குப் பாலூட்டும் காலத்தில் மருத்துவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது செர்ட்ராலின். குழந்தைக்கு மூன்று நான்கு மாதமாகும்போது தாய்க்கு முடி கொட்டுவதோ மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடப்பது. “குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்தக் காலத்தைத்தான். குழந்தைக்கு ஒரு வயதாவதற்குள் அது தானே அடங்கும். அதற்காகச் செர்ட்ராலினை நிறுத்தும் தாய், தனக்கும் குழந்தைக்கும் மிக அவசியமான ஒன்றை இழக்கிறார்.

மறுபுறம், தாளில் வேறெந்த நிகழ்வும் இல்லாமல், மருந்து தொடங்கியோ டோஸ் கூட்டியோ சில வாரங்கள் முதல் மூன்று நான்கு மாதங்களுக்குள் உதிர்வு தொடங்கியிருந்தால், மருந்தின் மீதான சந்தேகம் நியாயமானது.

எந்தெந்த மருந்துகள்

செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், சிடலோபிராம், ஃப்ளூவோக்செட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றின் பக்கவிளைவுப் பட்டியலில் முடி உதிர்வு இடம்பெற்றிருக்கிறது. நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும் பக்கவிளைவுகளின் வரிசையில் அது இருக்கிறது. புதிதாக மருந்து தொடங்கிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், முடி உதிர்வு ஒப்பீட்டளவில் அதிகமாக இருந்தது பியூப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்தில். மிகக் குறைவாக இருந்தது ஃப்ளூவோக்செட்டினிலும் பரோக்செட்டினிலும். மருந்து மாற்ற வேண்டிய நிலை வந்தால் இந்தத் தகவல் பயன்படும். ஆனால் குறைவு என்பதற்கு இல்லவே இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம்.

மனச்சோர்வு மருந்தை மட்டும் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டின் மற்ற வரிகளை விட்டுவிடுவதும் தவறு. இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியமும் வால்புரோயேட்டும் முடி உதிர்வை மனச்சோர்வு மருந்துகளைவிடக் கணிசமாக அதிகமாக ஏற்படுத்துபவை. லித்தியம் தைராய்டு சுரப்பைக் குறைத்து அதன் வழியாகவும் முடியைக் கொட்டச் செய்யும். படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் தரப்படும் புரொப்ரனலால் என்ற மாத்திரைக்கும் இந்தப் பக்கவிளைவு உண்டு. நம் ஊரில் இரண்டு மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த மாத்திரைகள் மிகுதி என்பதால், அட்டையில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதில் அடங்கிய மருந்துகளின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கிள்ளும்போது அந்தப் பெயர் கிழிந்துபோகாத பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மருத்துவரிடம் காட்ட அந்த அட்டை தேவைப்படும்.

தலையை எப்படிப் பார்ப்பது

விழுந்த முடி ஒன்றைக் கருப்புத் துணியின் மீது வைத்து, வெளிச்சத்தில் அதன் இரு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெண்ணிறக் குமிழ் இருந்தால், அது ஓய்வுப் பருவம் முடிந்து வேரோடு கழன்ற முடி. குமிழே இல்லாமல் இரு முனைகளும் மழுங்கி இருந்தால், அது நடுவில் ஒடிந்த முடி. அதற்குக் காரணம் ஸ்ட்ரெயிட்னிங், சூடான காற்று, சாயம், இழுத்துக் கட்டிய பின்னல் போன்றவையாக இருக்கலாம், மாத்திரையாக இருக்காது.

தினமும் எண்ண வேண்டாம்; அது கவலையைத்தான் வளர்க்கும். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிப்பவருக்கு அன்றைக்கு மூன்று நான்கு நாள் முடி சேர்ந்து விழும் என்பதையும், இடுப்புவரை கூந்தல் உள்ளவருக்கு நூறு முடியே ஓர் உருண்டையாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குப் பதிலாக, மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், தலை காய்ந்த நிலையில், நடு வகிடு எடுத்து ஒரு படம் பிடித்து வைத்தால் போதும். மூன்று படங்கள் சேர்ந்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

மருந்தால் வரும் உதிர்வு தலை முழுவதும் பரவலாக இருக்கும். எனவே சில அடையாளங்கள் வேறு காரணத்தைச் சுட்டும். காசு வடிவில் வழவழப்பாக ஓரிடம் சொட்டையானால் அது புழுவெட்டு. செதிலும் அரிப்பும் சீழும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நெற்றியோரம் ஏறுவதும், உச்சி வகிடு ஆண்டுக்கணக்கில் மெல்ல அகலுவதும் பரம்பரை வழுக்கை. குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல், புருவத்தின் வெளி ஓரம் மெலிதல் ஆகியவை சேர்ந்திருந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். பதற்றத்தில் தன்னையறியாமல் முடியைப் பிடுங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு; ஓரிடத்தில் மட்டும் நீளம் ஒழுங்கில்லாமல் முடி குட்டையாக இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிகிச்சை இருக்கும் பிரச்சினை என்பதால் மனநல மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு நிலையில் மட்டும் காத்திருக்கக் கூடாது. புது மருந்து தொடங்கிய வாரங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், முக வீக்கம், வாய்ப்புண் ஆகியவை வந்தால், குறிப்பாகக் கார்பமாசெபின் அல்லது லாமோட்ரிஜின் எடுப்பவர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது மருந்து ஒவ்வாமை, உயிருக்கு ஆபத்தானது.

இரத்தப் பரிசோதனை

முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ஆகிய மூன்றையும் மருத்துவர் முதலில் கேட்பார். தேவைக்கேற்ப பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும் சேர்ப்பார். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. எனவே மாத்திரையைக் குற்றம் சொல்லும் முன் இரும்புச்சத்தைப் பார்ப்பதே முறை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். காய்ச்சல் விட்ட சில நாட்களுக்குள் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடுதலாகத் தெரியும் என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து எடுப்பது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை. முடி கொட்டுகிறது என்றதும் மெடிக்கல் ஷாப்பில் பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின் தைராய்டு உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இது குறித்து எச்சரித்தது. பயோட்டின் எடுப்பவர்கள் அதைப் பரிசோதனைக் கூடத்திலும் மருத்துவரிடமும் சொல்லி, குறைந்தது இரண்டு நாட்களாவது நிறுத்திய பிறகு இரத்தம் கொடுக்க வேண்டும்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

தோல் மருத்துவரிடம் போவதற்கு முன், மருந்தை எழுதிய மனநல மருத்துவரிடம் போங்கள்; அல்லது இருவருக்கும் ஒரே தாளைக் காட்டுங்கள். அரசு மருத்துவமனைப் புறநோயாளி வரிசையில் கிடைக்கும் சில நிமிடங்களில் “முடி ரொம்பக் கொட்டுது டாக்டர்” என்று மட்டும் சொன்னால், ஒரு சத்து மாத்திரையோடு பேச்சு முடிந்துவிடலாம். “செர்ட்ராலின் 50 மில்லிகிராம் தொடங்கி பத்தாவது வாரத்திலிருந்து கொட்டுகிறது, இடையில் காய்ச்சல் ஏதுமில்லை, ஃபெரிட்டினும் டி.எஸ்.எச்.சும் சரியாக இருக்கின்றன, மருந்தால் மனம் நன்றாகத் தேறியிருக்கிறது, ஆனால் இந்த உதிர்வு எனக்குப் பெரும் மனக்கஷ்டமாக இருக்கிறது” என்று சொன்னால் முடிவெடுக்கத் தேவையான அத்தனையும் அவர் கையில் இருக்கும். கடைசிப் பகுதியை விழுங்கிவிடாதீர்கள். உங்களுக்கு எவ்வளவு வேதனை என்பது சிகிச்சை முடிவில் எடைபோட வேண்டிய ஒன்று.

மருத்துவர் முன் இருக்கும் வழிகள் நான்கு. உதிர்வு மிதமாக இருந்து மருந்து நன்றாக வேலை செய்தால், அதே மருந்தில் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம். டோஸைக் குறைக்க இடமிருந்தால் குறைக்கலாம். வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றலாம். சிகிச்சைக் காலம் முடியும் தறுவாயில் இருந்தால், மெல்லக் குறைத்து நிறுத்தலாம். ஒரு மருந்தில் முடி கொட்டியவருக்கு அதே வகையைச் சேர்ந்த இன்னொன்றில் கொட்டாமல் இருந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. இரண்டிலும் கொட்டியதாகவும் பதிவுகள் உள்ளன. எனவே மாற்றுவது முயன்று பார்க்க வேண்டிய ஒன்றுதான், உத்தரவாதம் அல்ல. முன்பு பல மருந்துகள் பலிக்காமல் போய், கடைசியில் இது ஒன்றுதான் தற்கொலை எண்ணத்திலிருந்து மீட்டது என்ற நிலையில் இருப்பவருக்கு மருந்தை மாற்றாமல் முடிக்குத் தனியாக வைத்தியம் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

எந்த வழியானாலும் குறைப்பது மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் நடக்க வேண்டும். பரோக்செட்டினையும் வென்லாஃபாக்சினையும் சட்டென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு ஆகியவை கடுமையாக வரும். லித்தியத்தைச் சட்டென நிறுத்தினால் நோயே வேகமாகத் திரும்பக்கூடும்.

மருந்துதான் காரணமாக இருந்து அது மாற்றப்பட்டாலும், மறுநாளே உதிர்வு நிற்காது. ஏற்கெனவே ஓய்வுக்குப் போய்விட்ட முடிகள் விழுந்தே தீரும் என்பதால் இன்னும் இரண்டு மூன்று மாதம் கொட்டுவதை எதிர்பார்த்திருங்கள். பிறகு நெற்றியோரத்திலும் வகிட்டின் இருபுறமும் குட்டையான முடிகள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் கூந்தலின் பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஆறு மாதமோ ஓர் ஆண்டோ ஆகும்.

சேர்க்கக் கூடாதவையும் சேர்க்கத் தக்கவையும்

ஆண்கள் கவனிக்க வேண்டியது ஃபினாஸ்டரைடு. வழுக்கைக்கு இணையம் வழியாகவும் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கும் இந்த மாத்திரையின் எச்சரிக்கைப் பட்டியலில் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் இருக்கின்றன. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவர் மனநல மருத்துவருக்குத் தெரியாமல் இதைத் தொடங்கக் கூடாது. தோல் மருத்துவர்களிடமும் மனநல மாத்திரை எடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பலரும் மறைப்பது இந்த ஒன்றைத்தான்.

தலையில் தடவும் மினாக்சிடில் சிலருக்கு உதவும். தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவது அதன் இயல்பு, பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும் என்பதை முன்பே அறிந்து தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாத்திரை வடிவ மினாக்சிடில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. டிராசோடோன் போல எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு தரும் மருந்து எடுப்பவர்கள் அதைச் சொல்லியாக வேண்டும்.

கரிசலாங்கண்ணித் தைலமோ செம்பருத்தி எண்ணெயோ தேய்ப்பதால் மாத்திரைக்கு இடையூறு இல்லை. அது முடிச் சுழற்சியைத் திருப்பிவிடாது, ஆனால் இதம் தந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள், அழுத்திக் கசக்காமல். உள்ளே சாப்பிடும் மூலிகைப் பொடிகளும் கேப்சூல்களும் வேறு விஷயம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மனச்சோர்வு மாத்திரைகளோடு சேரும்போது செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். உட்பொருள் எழுதாத எதையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சாப்பாட்டில் முட்டை, பயறு, சுண்டல், மீன், கீரை தவறாமல் இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, தேநீரோடு சேர்த்து எடுக்காதீர்கள்.

இடையில் மனம் மிகவும் தாழ்ந்து, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

மருந்துதான் காரணம் என்று தெரிந்தால் அதைப் பதிவும் செய்யுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியே நேரடியாகப் புகாரளிக்கலாம். மருந்தின் பெயர், டோஸ், தொடங்கிய தேதி, உதிர்வு தொடங்கிய தேதி, நிறுத்திய பின் என்ன ஆனது ஆகியவற்றைத்தான் கேட்பார்கள். அவை அனைத்தும் உங்கள் தாளில் ஏற்கெனவே இருக்கும். அதே தாளை மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் செருகி வைத்தால், சில ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் அதே மருந்தை எழுதப் போகும்போது, அது அவர் கண்ணில் முதலில் படும்.